திர்சா மினாயோவின் மூன்றாம் சரணம்

சாவகாலிச் சந்தையில் கோழி விற்கும் திர்சா மினாயோவுக்குத் தராசு ஆகாது. கோழியின் கால் இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒரு தூக்குத் தூக்குவாள். "ரெண்டு கிலோ, ஒரு பிடி குறையும்" என்பாள். நம்பாதவர்கள் எதிர்க்கடை இறைச்சிக்காரரின் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல் காசை நீட்டுவார்கள். இருபது வருஷமாக இதுதான் அவள் பிழைப்பு.

அதே திர்சாவின் குரலைக் கேட்காத ஆள் கென்யாவில் குறைவு. அது அவள் குரல் என்று தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. "இன்னும் ஒருதரம் எடை போடும், ஆண்டவரே" என்ற பாட்டு கல்யாணத்தில் ஒலிக்கும், அடக்கத்தில் ஒலிக்கும், மட்டாட்டு வண்டிகளில் ஓட்டுநர் கெட்ட வார்த்தை பேசுகிற இடைவெளியில் ஒலிக்கும். தேர்தல் வந்தால், தோற்றுப்போன வேட்பாளர்கள் மேடையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாடுவார்கள். பாதி நாட்டின் கைபேசியில் அதுதான் காலர் டியூன். ஓட்டல்காரர் பாக்கி தராமல் இழுத்தடிக்கும்போது திர்சா அவரைக் கூப்பிடுவாள். அவர் எடுக்கமாட்டார். அவள் குரலே அவள் காதில் நாலு வரி பாடிவிட்டு அறுந்துபோகும்.

இதில் பெரிய கூத்து ஒன்று உண்டு. மகள் இமாலி ஆசைப்பட்டு அம்மாவின் கைபேசியிலும் அதே பாட்டை வைத்துவிட்டிருந்தாள். வாராவாரம் திர்சாவின் கணக்கிலிருந்து அதற்குக் காசு போனது. தன் பாட்டுக்குத் தானே வாடகை கட்டிய பெண் அவளாகத்தான் இருப்பாள்.

பாட்டு பிறந்தது மருத்துவமனை மாமரத்தடியில். இமாலி அப்போது மூன்று மாதக் குழந்தை. மரக்கிளையில் எடைக்கருவியைத் தொங்கவிட்டு, கால்சட்டை மாதிரி ஒரு துணியில் குழந்தைகளைப் போட்டு நிறுப்பார்கள். நர்ஸ் அட்டையில் புள்ளி வைத்தாள். அட்டையில் கீழிருந்து மேலே ஏறும் பச்சைக் கோட்டுக்கு நல்ல தூரம் கீழே விழுந்தது அந்தப் புள்ளி.

"இன்னொரு தடவ போட்டுப் பாருங்க சிஸ்டர்" என்று திர்சா கெஞ்சினாள். நர்ஸ் போட்டாள். முள் அதே இடத்தில் நின்றது. "மூணாவது தடவ போட்டாலும் உன் பொண்ணு கொழுத்துறப் போறதில்லம்மா. ரெண்டு வாரம் கழிச்சு வா" என்றாள் நர்ஸ். கெட்ட மனசுக்காரி இல்லை. பின்னால் நாற்பது பேர் நின்றார்கள்.

குழந்தை பிழைக்குமா என்று தெரியாமல் திர்சா மரத்தடியில் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டிருந்தபோதே மெட்டு வந்தது. கையில் வேறு காகிதம் இல்லை. தடுப்பூசிக்குக் கையெழுத்து வாங்கவந்த பெண்ணின் பேனாவைக் கடன் வாங்கி, அட்டையின் பின்பக்கத்தில் எழுதினாள். சொற்களை மட்டுமல்ல, மெட்டையும். அந்தப் பக்கத்துச் சபைகளில் பாடுகிறவர்கள் எல்லாருக்கும் டோ, ரே, மீ எழுத்துகளையும் புள்ளிகளையும் வைத்து மெட்டு எழுதத் தெரியும். முதல் குரலை ஒரு வரியிலும் இரண்டாம் குரலை அதன் கீழேயும் எழுதி முடித்த நேரத்தில் நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டாள்.

"என்ன இது? கவர்ன்மென்ட் அட்டையில கிறுக்கி வச்சிருக்க? மேலதிகாரி பாத்தா உனக்கும் எனக்கும் சேத்து ஃபைன் போடுவாரு!"

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் அட்டையின் முன்பக்கத்தை மட்டும் காட்டிவிட்டு, பின்பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு திரும்பினாள். புள்ளி மெல்ல மெல்லக் கோட்டைத் தொட்டு மேலே ஏறியது. பாட்டு சபைக்குப் போனது. அவளும் அவள் தோழி ரோடா கசீவாவும் இன்னும் நாலு பெண்களுமாகப் பாடினார்கள். பாட்டின் மூன்றாம் சரணம் இது:

பச்சைக் கோடு மேலே போகுது,
புள்ளியாய் நான் கீழே நிற்கிறேன்;
இன்னும் ஒருதரம் எடை போடும், ஆண்டவரே,
முள் ஏறும்வரை என்னை இறக்காதேயும்.

முதல் ஞாயிறே போதகர் முடாக்கி இந்தச் சரணத்தை வைத்துப் பிரசங்கம் பண்ணினார். பச்சைக் கோடு என்பது கர்த்தர் வாக்களித்த கானான் தேசத்தின் எல்லையாம். யோர்தான் ஆற்றின் அக்கரையில் தெரியும் புல்வரிசையாம். ஜனங்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள். ரோடா திர்சாவின் விலாவில் இடித்து, "என்னடி, கானானா?" என்று கேட்டாள். போதகர் பேசும்போது எழுந்து "இல்லீங்க, அது ஆஸ்பத்திரி அட்டை" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? திர்சா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பிரசங்கம் பக்கத்து ஊருக்குப் போய், மாவட்டம் தாண்டி, நாடு முழுக்கப் பரவிவிட்டது. பாட்டு போன இடமெல்லாம் கானானும் கூடவே போனது.

அதோடு இன்னொரு வழக்கமும் சேர்ந்துகொண்டது. பாடுவதற்கு முன் சாட்சி சொல்ல வேண்டும். திர்சா ஒவ்வொரு தடவையும் ஒலிவாங்கியைப் பிடித்து ஒரே வாக்கியத்தைச் சொல்வாள்: "இந்தப் பாட்டு என்னுடையதல்ல, கர்த்தருடையது." வானொலியிலும் அதையே சொன்னாள். அப்படிச் சொல்லாத பாடகியை அந்த ஊரில் திமிர் பிடித்தவள் என்பார்கள்.

இமாலிக்கு இரண்டு வயதானபோது நைரோபியிலிருந்து கிதியோன் அகுஃபா வந்தார். ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்தார். தன் சபையில் மூப்பர். பேச்சுக்குப் பேச்சு அல்லேலூயா. ஆறு பெண்களையும் கூட்டிக்கொண்டு போய் ஒரே பகலில் பதிவு செய்தார். முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டிய அறை, ஒரே தூசி. மூன்றாம் சரணம் தொடங்கும் இடத்தில் ரோடாவுக்கு இருமல் வந்து, அதை விழுங்கிவிட்டு ஒரு தாளம் பிந்தித்தான் இரண்டாம் குரலை எடுத்தாள். "பரவால்ல, நல்லாத்தான் இருக்கு" என்றார் அகுஃபா. மறுபடி பதிவு செய்தால் மின்சாரச் செலவு அல்லவா! மத்தியானம் உகாலிக் களியும் கோழிக்குழம்பும் போட்டார். போகும்போது இருநூறு கேசட்டைக் கையில் கொடுத்து, "வித்துக்குங்க சிஸ்டர், காசு பூரா உங்களுக்கே" என்றார். உலகத்தையே எழுதிக் கொடுத்தது போல அவர் முகத்தில் ஒரு பெருந்தன்மை.

பிறகு ஒரு படிவத்தை நீட்டினார். இசை உரிமைச் சங்கத்தில் பதிய வேண்டுமாம். "பாடலை இயற்றியவர்" என்ற இடத்தில் திர்சா பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். பொய் எழுதக்கூடாது. ஞாயிறுதோறும் சபையில் ஒன்று சொல்லிவிட்டு இங்கே வேறொன்று எழுதினால் அடுக்குமா? முத்து முத்தாக எழுதினாள்: பரிசுத்த ஆவியானவர்.

அகுஃபா அதைப் படித்தார். சிரிக்கவில்லை. "ஆமென்" என்று சொல்லி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பணம் பெறுபவர் என்ற இடம் காலியாக இருந்தது. அதை அவர் ஆவியானவருக்கு விட்டுவைக்கவில்லை.

பதினேழு வருஷம் ஓடியது. ரோடாவின் இருமல்கூட நாடு பூராவும் பரவிவிட்டது. எந்தச் சபையில் யார் பாடினாலும் அந்த இடத்தில் இரண்டாம் குரல் ஒரு தாளம் பிந்தியே வந்தது. அதை ஓர் அழகு என்று நினைத்துக்கொண்டார்கள். நைரோபியில் தையல் படிக்கப் போன இமாலிதான் முதலில் விழித்துக்கொண்டாள். உடன் தங்கியிருந்த பெண்ணின் மாமா ஒரு பாடகர். காலர் டியூனுக்கு மாதாமாதம் அவருக்குப் பணம் வருகிறது என்று கேள்விப்பட்டு, நேரே சங்கத்தின் அலுவலகத்துக்குப் போய் நின்றாள். எழுத்தர் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இயற்றினவர் ஆவியானவர்னு இருக்கும்மா. அவரு வந்து கையெழுத்துப் போடணும்."

"அப்ப பணம் யாருக்குப் போகுது?"

"அகுஃபாங்கிறவருக்கு. பழைய பாட்டு, ஊர்ப் பொதுச் சொத்து, தான் இசையமைச்சதுன்னு எழுதிக் குடுத்திருக்காரு."

இமாலி அங்கேயே தரையில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் போட்டாள். அம்மா எடுக்கும்வரை அந்தப் பாட்டே காதில் ஓடியது. எரிச்சலில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

ஏழைகளுக்கு இலவசமாக வாதாடும் கெமுந்தோ என்ற இளம் வழக்கறிஞர் வழக்கை எடுத்துக்கொண்டாள். கேட்டது ஒன்றுதான்: பாட்டு திர்சா மினாயோவுடையது என்று பதிப்புரிமைத் தீர்ப்பாயம் அறிவிக்க வேண்டும். அது நடந்தால் மற்றதெல்லாம் தானாக வரும். நடக்காவிட்டால் ஒன்றும் வராது, இனி யாரும் கேட்கவும் முடியாது.

செய்தி ஊருக்கு வந்ததும் போதகர் முடாக்கி திர்சாவைக் கூப்பிட்டனுப்பினார். "கர்த்தருடையதுன்னு இத்தனை வருஷமா சாட்சி சொன்ன. இப்ப காசுன்னதும் உன்னுடையதா? கொடுத்தவர்கிட்டயே திருடுறியாம்மா?"

திர்சாவுக்கு அது முள்ளாகக் குத்தியது. போதகர் பொல்லாதவர் அல்ல. அவள் புருஷன் செத்தபோது சவப்பெட்டிக்குக் காசு கொடுத்தவர். வீட்டுக்கு வந்து கோழிக்கூட்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். வழக்கே வேண்டாம் என்று இமாலியிடம் சொல்லிவிடலாமா என்றிருந்தது. தேடிக்கொண்டு வந்த ரோடாவுக்கு விஷயம் தெரிந்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இமாலியோட அம்மா, இந்தக் கோழி யார் குடுத்தது?"

"கர்த்தர்தான்."

"அப்ப சந்தையில சும்மா குடுத்துட்டு வாயேன். எனக்கு ரெண்டு குடு, இன்னைக்கே குழம்பு வைக்கிறேன்."

"கிண்டல் பண்ணாத ரோடா. நான் சொன்னது உண்மைதானே? அந்த மெட்டு எனக்குள்ள இருந்து வரல. எங்கிருந்தோ வந்துச்சு."

"வந்துச்சு. உன்கிட்ட வந்துச்சு. மரத்தடியில நாப்பது பொம்பளைங்க இருந்தாங்க, அவங்ககிட்ட வரல. நைரோபியில அகுஃபா குளுகுளுன்னு உக்காந்திருந்தான், அவன்கிட்டயும் வரல. போய்க் கேளுடி. நான் துணைக்கு வரேன்."

நைரோபிக்குப் புறப்பட்டபோது திர்சாவின் மடியில் இரண்டு இருந்தன. ஒன்று, வக்கீலுக்கு மரியாதை செய்ய ஒரு சிவப்புப் பெட்டைக்கோழி. இன்னொன்று, பையின் அடியில் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய இமாலியின் மருத்துவமனை அட்டை. இமாலி அடையாள அட்டைக்கு மனுப் போட வேண்டியிருந்தது; பிறந்ததற்குச் சாட்சியாக அது வேண்டுமாம். "பின்பக்கம் பாத்து ஃபைன் போட்டா என்ன பண்றது?" என்று திர்சா பஸ்ஸில் வழி முழுக்கக் கவலைப்பட்டாள். பாட்டு எழுதிய தாள் இருக்கிறதா என்று கெமுந்தோ முன்பே இரண்டு தடவை கேட்டிருந்தாள். குழுவின் நோட்டுப் புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டது என்று திர்சா சொல்லியிருந்தாள். அது உண்மைதான். அட்டையைப் பற்றி மூச்சு விடவில்லை. அரசாங்கச் சொத்தில் கிறுக்கியதை வக்கீலிடம் போய் யாராவது சொல்வார்களா?

கோழியை வாசல் காவலாளி வாங்கி வைத்துக்கொண்டார். தீர்ப்பாயத்தின் தலைவி செரோனோ என்ற நரைத்த அம்மாள். கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர். அகுஃபா புதுக் கோட்டில் வந்திருந்தார். "நல்லா இருக்கீங்களா சிஸ்டர்?" என்று கை கொடுத்தார். திர்சாவும் பழக்கதோஷத்தில், "கர்த்தர் கிருபை, பிரதர்" என்று கையைக் குலுக்கிவிட்டாள். ரோடா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அகுஃபாவின் வக்கீல் அந்தப் படிவத்தை எடுத்து நீட்டினார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"இயற்றியவர்ங்கிற இடத்துல என்ன எழுதியிருக்கீங்க? எல்லாருக்கும் கேக்குற மாதிரி படிங்க."

"பரிசுத்த ஆவியானவர்."

அறையில் சிரிப்பு பரவியது. அடுத்து ஒரு வானொலிப் பேட்டியை ஓடவிட்டார்கள். இளவயதுத் திர்சா தெளிவாகச் சொன்னாள்: இந்தப் பாட்டு என்னுடையதல்ல. வக்கீல் கைகளை விரித்தார். "அவங்களே சொல்றாங்க மேடம். இதுக்கு மேல நான் என்ன வாதாட?"

இத்தனை வருஷ பக்தி முழுவதும் அவளுக்கு எதிராகவே சாட்சி சொன்னது. இமாலியைப் பார்க்க முகமில்லாமல் தரையைப் பார்த்தாள்.

செரோனோ கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். "பாட்டு ஆவியானவருடையதுன்னே வச்சுக்குவோம். உங்க கட்சிக்காரர் யார்கிட்ட அனுமதி வாங்கினார்?"

மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை வக்கீல் சிரிக்கவில்லை. "அது பழைய பாட்டு மேடம், யாருக்கும் சொந்தமில்லாதது. என் கட்சிக்காரரே சொல்வார்."

அகுஃபா எழுந்தார். வெண்ணெயில் கத்தி இறங்குவது போலப் பேசினார். "எங்க தாத்தா காலத்துப் பாட்டும்மா. வெள்ளைக்காரப் பாதிரிமார் சொல்லிக் குடுத்தது. வேதத்துல ஒரு ராஜாவை எடை போட்டுப் பாத்த கதை வருதில்ல, அதை வச்சுக் கட்டினது. இதோ, அந்தக் காலத்து மெட்டுத் தாளைப் பாத்து எழுதின நகல்." ஒரு தாளைக் கொடுத்தார். மெட்டு, இரண்டு குரல்களோடு அழகாக எழுதியிருந்தது.

"மூணாவது சரணத்துல பச்சைக் கோடுன்னு வருதே, அது என்ன?" என்று கேட்டார் செரோனோ.

"கானான் தேசத்து எல்லைம்மா. யோர்தானுக்கு அக்கரையில தெரியிற புல்லு. எங்க தாத்தா கண்ணீரோட விளக்கம் சொல்லுவாரு."

திர்சாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. தோள்துணியை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். பின்னாலிருந்து ரோடா இன்னும் சத்தமாகச் சிரித்தாள். தன் கண்ணெதிரில் போதகர் முடாக்கி கண்டுபிடித்த புல், அகுஃபாவின் தாத்தா காலத்திலேயே முளைத்துவிட்டதே!

"என்னம்மா சிரிப்பு?" செரோனோவின் குரல் உயர்ந்தது.

"மன்னிச்சுக்குங்கம்மா. அது கானான் இல்ல. எடை அட்டையில இருக்கிற கோடு. குழந்தைங்க எடை அட்டை. என் பொண்ணு அந்தக் கோட்டுக்குக் கீழ இருந்தா. அதான் பாட்டு."

செரோனோ மெல்ல முன்னால் சாய்ந்தார். அவரும் எடைக்கருவியின் முன்னால் குழந்தையோடு நின்றவராகத்தான் இருக்க வேண்டும். "அந்த அட்டை இருக்கா?"

எந்தத் தாய் அந்த அட்டையைத் தூக்கிப் போடுவாள்? திர்சாவின் கை பைக்குள் போனது. உறை விரலில் பட்டது. கை அங்கேயே நின்றது. பத்தொன்பது வருஷமாக உள்ளங்கையால் மூடி வைத்திருந்ததை, சீருடைக் காவலர்கள் நிற்கிற இடத்தில் எடுத்துக் காட்ட வேண்டும்.

"அம்மா, ஒண்ணு கேக்கலாங்களா? கவர்ன்மென்ட் அட்டையில எழுதினா எவ்வளவு ஃபைன்?"

"எழுதினீங்களா? என்ன எழுதினீங்க?" கெமுந்தோ நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.

"பின்னாடிப் பக்கம். பாட்டை."

"ஃபைனை நான் கட்டுறேன், நீங்க குடுங்க!" என்று கெமுந்தோ கத்தியதில் நீதிமன்ற மரியாதை எதுவும் இல்லை.

திர்சா எழுந்தாள். போய் அட்டையை மேசைமேல் வைத்து, தானாகவே திருப்பிப் போட்டாள்.

முன்பக்கத்தில் தேதிகளும் தடுப்பூசி முத்திரைகளும், பச்சைக் கோட்டுக்குக் கீழே விழுந்த அந்தப் புள்ளியும். பின்பக்கத்தில் நீல மையில் மூன்று சரணம், மேலே மெட்டு எழுத்துகள். இங்கும் அங்கும் மை கலைந்திருந்தது. வரிகளின் குறுக்கே ஒரு தடுப்பூசியின் முத்திரை விழுந்திருந்தது. ஏதோ ஒரு மாதம் உள்ளங்கை விலகிய நேரத்தில், பக்கம் பார்க்காமல் எவளோ ஒரு நர்ஸ் குத்தியது. தேதி தெளிவாகத் தெரிந்தது. அகுஃபா சாவகாலிக்கு வருவதற்கு ஒன்றரை வருஷம் முந்திய தேதி.

செரோனோ பள்ளிக்கூட இசைவிழாக்களில் பாடி வளர்ந்தவர் போலும். எழுத்துகளின்மேல் விரலை ஓட்டியபடி, உதட்டுக்குள் மெட்டை முனகிப் பார்த்தார். பிறகு அகுஃபாவின் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். மூன்றாம் சரணத்தில் விரல் நின்றது.

"இங்க ஒரு வித்தியாசம் இருக்கே. அட்டையில ரெண்டாம் குரல் நேரத்துக்கு வருது. அகுஃபா தாளில ஒரு தாளம் பிந்தி வருது. நாம எல்லாரும் பாடுறதும் பிந்தித்தான். எது சரி?"

"அட்டைதாம்மா சரி" என்றாள் திர்சா. "ரெக்கார்டிங் அன்னைக்கு..."

"நான்தான் இருமினேன்!" பின்வரிசையில் ரோடா எழுந்து நின்றுவிட்டாள். "தூசிம்மா! முட்டை அட்டை பூரா தூசி! இருமல முழுங்கிட்டு லேட்டா எடுத்தேன். மறுபடி பாடுறோம்னு சொன்னோம், இந்த மனுஷன்தான் கரண்டு செலவுன்னு விடமாட்டேன்னாரு!"

காவலர் அவளை உட்கார வைக்க வந்தார். செரோனோ கையைக் காட்டி நிறுத்தினார். அகுஃபாவைப் பார்த்தார், கண்ணாடிக்கு மேலாக.

"உங்க தாத்தா காலத்துப் பாதிரியாருக்கும் அதே இடத்துல இருமல் வந்துச்சா?"

அகுஃபா வாயைத் திறந்தார். அல்லேலூயாகூட வரவில்லை. கேசட்டைக் கேட்டுத்தான் அவர் அந்தத் தாளை எழுதியிருந்தார்; இருமல் உட்பட.

"கடைசியா ஒண்ணு" என்றார் செரோனோ. "அந்தக் கோட்டுக்குக் கீழ இருந்த குழந்தை என்னாச்சு?"

இமாலி எழுந்தாள். நல்ல உயரம், வாசல் காவலாளிக்கு ஈடான தோள். அவள் எழுந்ததும் பெஞ்சில் அவள் இருந்த முனை மேலே தூக்கியது. "நான்தாங்க அது" என்றாள். தலைவி வாயைப் பொத்திக்கொண்டார், தீர்ப்பாய எழுத்தர் சிரித்துச் சிரித்து மேசைமேல் கவிழ்ந்தார், அகுஃபாவின் வக்கீலே சிரித்துவிட்டார். திர்சா மட்டும் சிரிக்காமல் அழுதாள். தூக்கிப் பார்க்க முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்ட அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

மூன்று வாரத்தில் தீர்ப்பு வந்தது. பாட்டு திர்சா மினாயோவுடையது. பதினேழு வருஷத்துக்கும் அகுஃபா கணக்குக் கொடுத்துத் திருப்பிக் கட்ட வேண்டும். இனி வருவது நேரே அவளுக்கு. ஃபைன் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. கெமுந்தோவுக்கு அன்றைக்கே கொடுத்த சிவப்புக் கோழி அதற்குள் முட்டையிடத் தொடங்கியிருந்தது. அதைக் குழம்பு வைக்க மனசு வரவில்லை என்று வக்கீல் போனில் சொன்னாள். அன்று சாயங்காலம் திர்சா ஓட்டல்காரரைப் பாக்கிக்காகக் கூப்பிட்டாள். பாட்டு ஓடியது. முதல் தடவையாக, அந்த மனுஷன் எடுக்காமல் இருந்தால் தேவலை என்று முழுதும் கேட்டாள்.

சங்கத்தில் புதுப் படிவம் கொடுத்தார்கள். இயற்றியவர் என்ற இடத்தில் இந்தத் தடவை அவள் யோசிக்கவில்லை.

மறு ஞாயிறு சபை நிரம்பி வழிந்தது. போதகர் முடாக்கி ஒலிவாங்கியை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தார். வாய் எதையோ சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொண்டது. கானான் பற்றியாக இருக்கலாம். திர்சா அவரைச் சங்கடப்படுத்தவில்லை. ஆறு பெண்களும் வரிசையாக நின்றார்கள். முன்வரிசைக் கிழவர்கள் வழக்கமான சாட்சி வாக்கியத்தைத் தாங்களே முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள்: இந்தப் பாட்டு என்னுடையதல்ல...

"இந்தப் பாட்டை எழுதினது நான்" என்றாள் திர்சா.

முணுமுணுப்பு நின்றது. எங்கோ ஒரு குழந்தை மட்டும் சிணுங்கியது.

"கர்த்தர் குடுத்தார். எனக்குத்தான் குடுத்தார்."

ரோடாவின் "ஆமென்" இந்தத் தடவை யாருக்கும் பிந்தாமல், எல்லாருக்கும் முன்னால் வந்தது.